வழியனுப்ப வந்தவர்கள் தின்ற கோழி

யெகோர்,

உலுக்கிப் பார்த்தேன், நீ எழுந்திருக்கவில்லை. ரயிலுக்கென்று பொரித்து வைத்த கோழியை, என்னை வழியனுப்ப வந்த உன் கூட்டாளிகள் தின்று தீர்த்துவிட்டார்கள். "நீ போறியே ரீமா, தொண்டைக்குள்ள எதுவுமே இறங்கலை" என்று சொல்லிக்கொண்டேதான் வாதிக் கோழியின் இரண்டு காலையும் கடித்தான். ஊறுகாய் ஜாடியில் சிகரெட் துண்டு மிதக்கிறது.

நம் வழக்கப்படி, பயணம் கிளம்புமுன் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். நீங்கள் எல்லோரும் குடித்துவிட்டுக் குறட்டை விட்டீர்கள். நான் மட்டும் பெட்டிமேல் உட்கார்ந்து எழுந்தேன். விளாதிவஸ்தோக்கில் நம் மகள் வீடு சேர ஆறு நாள். கையில் அவித்த முட்டை நாலு.

என் சாவி பக்கத்து வீட்டு தமாராவிடம். ஜாடியைக் கழுவாதே, தூக்கி எறி.

பி.கு.: நான் போய்ச் சேரும்வரை தரையைப் பெருக்காதே. பெருக்கினால் போனவள் திரும்ப மாட்டாள் என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் உன்னை முழுசாக நம்புகிறேன்.