பள்ளம் பார்க்கப் புறப்பட்டவர்

ஜூன் 8, 2025, ஞாயிறு

தமிழ்மொழி போன் செய்தாள். அமெரிக்காவில் அவள் இருக்கும் ஃபீனிக்ஸிலிருந்து காரில் போய்விடலாமாம், கிராண்ட் கேன்யனுக்கு. பாலைவனத்தில் ஆறு அறுத்துப் போட்ட பெரும் பள்ளம். "ரெண்டு பேரும் வாங்கம்மா, கூட்டினு போறேன்" என்றாள்.

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். இவர் சுவரைப் பார்த்தபடி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். செழியனை அவளாகவே பார்த்துக் கட்டிக்கொண்டதிலிருந்து மகளோடு பேச்சு இல்லை. ஆனால் அவள் போன் வந்தால் மட்டும் இடத்தை விட்டு எழுந்திருக்கமாட்டார்.

ஜூன் 11

"அந்தப் பள்ளம் நம்ம கெணறு மாதிரி எத்தினி மடங்கு ஆழம் இருக்கும்?" என்று இவர் கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 15

முடிவு சொல்லிவிட்டார். "பள்ளத்தப் பாக்கதான் வர்றேன். அவளப் பாக்க இல்ல. சொல்லிடு."

சொன்னேன். போனில் சிரித்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "பள்ளத்தப் பாக்கவே வரட்டும்மா."

ஜூன் 19

தியாகதுருகம் டீக்கடை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் பச்சமுத்து கேட்டாராம்: "பள்ளம் பாக்க பிளேன் ஏறணுமா? நம்ம ரோட்ல இல்லாத பள்ளமா?" இவர் பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டார். கோபத்தோடு கள்ளக்குறிச்சி போய் ஒரு ஷூ வாங்கி வந்திருக்கிறார். வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுகிறார். டக் டக் என்று, எனக்குத் தலைவலி.

ஜூலை 6

ஒத்திகையாம். கல்வராயன் மலைக்கு பஸ்ஸில் போனோம். வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் இறங்கி, ஓரமாகப் போய் ஒரே ஒரு தடவை கீழே பார்த்தார். அடுத்த நொடி பக்கத்து மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"விஜி, தல சுத்துது."

"இதுக்கே இப்டின்னா அங்க இன்னா பண்ணுவீங்க?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அங்க கம்பி கட்டியிருப்பான்."

மலைச் சரிவையே குனிந்து பார்க்க முடியாத மனுஷனுக்கு உலகத்திலேயே பெரிய பள்ளம் வேண்டுமாம். நான் என்ன, இது புரியாத அளவுக்கு மக்கா? சோடா வாங்கிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 16

சென்னையில் விசா நேர்காணல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா, நம்ம ஊர்க்காரி போலவே தமிழ் பேசினாள். எதற்குப் போகிறீர்கள் என்றாள்.

"பள்ளம் பாக்க."

"என்ன பாக்க?"

"பள்ளங்க. பெரிய பள்ளம்."

அவள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அவரே சொல்லட்டும். விசா போனாலும் போகட்டும்.

தரையைப் பார்த்தார். "எம் பொண்ணு கீறா."

அதோடு நிறுத்தினாரா? பேர் தமிழ்மொழி, கணக்கில் நூத்துக்கு நூறு, கொஞ்சம் குளிர்ந்தாலும் சளி பிடிச்சிக்கும், அங்க குளிர் ஜாஸ்தியா கம்மியா, உங்களுக்குத் தெரியுமா... அந்த அம்மா சிரித்துக்கொண்டே "போதும் சார்" என்றாள். விசா கிடைத்துவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் ஒரே குறை. "பள்ளத்தப் பத்தி அந்தம்மா ஒண்ணுமே கேக்கலியே."

ஜனவரி 17, 2026

வந்து சேர்ந்தோம். விமான நிலையத்தில் மகளைப் பார்த்ததும், "எளச்சிட்டியே" என்றார். அவள் இளைக்கவில்லை, நன்றாகவே பூசியிருக்கிறாள். செழியன் ஓடி வந்து பெட்டியைப் பிடித்தான். இவர் விடவில்லை. அவனும் விடவில்லை. கார் வரைக்கும் ஒரே பெட்டியை இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள், ஒரு வார்த்தை பேசாமல்.

ஜனவரி 24, சனி

இன்று கேன்யன். விடியலிலேயே எழுந்து புளிசாதம் கட்டினேன். தமிழ்மொழி ஸ்வெட்டர்களைக் காரில் ஏற்றினாள். பார்த்தால் ஆண்கள் இரண்டு பேரையும் காணோம்.

வீட்டுக்குப் பின்னால் இருந்தார்கள். செழியன் நேற்று ஒரு முருங்கைக் கன்று வாங்கி வந்திருந்தான். அதற்குக் குழி வெட்டுகிறார்கள். மண்ணா அது, பாறை. இவர் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் ஆழத்தில் நிற்கிறார். மேட்டில் அவன், கை கொப்பளித்துப் போய்.

"அப்பா, கெளம்பணும்ப்பா."

"கன்னு வாடிடும்மா. கேன்யன் எங்க ஓடிடப் போவுது? அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு, நிமிராமலே கையை மட்டும் நீட்டினார். "மாப்ள, அந்தக் கடப்பாறைய எடு."

செழியன் திரும்பிப் பின்னால் பார்த்தான், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று.

புளிசாதத்தை அங்கேயே பிரித்துவிட்டேன்.