காஃபுவே ஆற்றில் தண்ணீர் எடுக்கப் போனவன்

சாம்பியா,
அக்டோபர் 1974

கர்த்தருக்குள் பிரியமானவளே,

நான் சுகமாக இருக்கிறேன். பிள்ளைகளைக் கொஞ்ச நாள் கடலில் குளிக்க விடாதே.

சனிக்கிழமை உன் தம்பியும் நானும் காட்டுச் சாலையில் காரில் போனோம். யானைக்கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. குட்டி ஒன்று நின்று எங்களையே பார்த்தது. “அக்காவுக்கு இத எழுதணும் அத்தான்” என்று சிரித்தான்.

அவை கடந்து போவதற்குள் இஞ்சின் கொதித்துவிட்டது. அவன் வாளியோடு ஆற்றுக்குக் கிளம்பினான்.

“ஏலே, முதல கெடக்கும். தனியாப் போகாத.”

“தூத்துக்குடி கடல்லயே நீந்துனவன் நான். நீங்க நெழல்ல இருங்க அத்தான்.”

சத்தம் எதுவும் கேட்கவில்லை. கரையிலிருந்த பறவைகள் மட்டும் ஒன்றாக எழும்பின. நான் ஓடிப் போனபோது தண்ணீர் கலங்கிக் கிடந்தது.

ஊர்க்காரர்கள் இன்னும் படகில் தேடுகிறார்கள். கரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தந்தி அடிக்கச் சொல்கிறார்கள். அதில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

நீ உடனே நாசரேத்துக்குப் பஸ் ஏறி, உன் அம்மா பக்கத்தில் இரு. தேடுகிறார்கள் என்று மட்டும் சொல். அவன் திரும்பி வரவேண்டுமென்று அத்தை ஜெபித்தால் தடுக்காதே. நானும் இங்கே அப்படித்தான் ஜெபிக்கிறேன்.

உன் கணவன்