படத்தில் அறுபத்தொரு தலை

7 ஜூன் 1943, திங்கள்
ரப்பர் தோட்ட ஆபீசில், ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பழைய சாமான்களைக் குப்பையில் எறிந்தார்கள். சண்டைக்கு முன் தோட்டத்து ஆட்களை நிற்க வைத்து எடுத்த படம் ஒன்றைத் தூக்கி வந்தேன். மூன்று முழ நீளம்! ஆள், மரம், நாய், லாரி எல்லாம் ஒரே படத்தில். ஜப்பானியப் பாடப் புத்தகம் இதோ வருகிறது என்று ஆறு மாதமாகச் சொல்கிறார்கள். இனி என் பள்ளிக்கு இதுவே புத்தகம். நடுவில் துரை உட்கார்ந்திருக்கிறார் — ஜப்பான்காரன் பார்த்தால் வம்பு. அவர்மேல் ஒரு பூசணிக்காய் வரைந்து ஒட்டிவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு சொல் கூடுதல்.

10 ஜூன்
பிள்ளைகள் பிய்த்து உதறுகிறார்கள். குச்சி மரத்தைத் தொடுமுன் "கி!", நாயைத் தொடுமுன் "இனு!" ஜொகூர் பாருவில் மூன்று வாரம் நான் படித்த ஜப்பான் மொழியெல்லாம் இன்றோடு தீர்ந்தது. வெட்கக்கேடு.

12 ஜூன்
ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி சதாசிவம் செடெனாக் டவுனுக்குப் போய் வந்து சொன்னார்: "வாத்தியாரே, பதினெட்டாந்தேதி ஜப்பான்காரன் பரீட்சை வைக்க வர்றான். ஸ்கூல் சரியில்லன்னா மூடிட்டு உங்கள சயாமுக்கு ரயில் ரோடு போட அனுப்பிடுவானாம்."
நானா? ஆணி அடித்தாலே கட்டைவிரலில் அடித்துக்கொள்பவன் நான். போனவர் யாரும் திரும்பவில்லையே!
மனைவி வினிஃப்ரெட்டிடம் புலம்பினேன். "மொதல்ல ஜப்பான்ல எண்ணப் பழகுங்க. நாப்பதுலயே நின்னுடுறீங்க."

15 ஜூன்
நாற்பத்திரண்டு வரை வந்துவிட்டேன்.

18 ஜூன், வெள்ளி
பரீட்சைக்கு ஜப்பான் அதிகாரி வந்தார்.
அதிகாரிக்கு மலாய் கொஞ்சம் தெரியும். படத்தில் எத்தனை ஆள் என்று ஜப்பான் மொழியில் எண்ணச் சொன்னார். ஒன்பது வயது அங்கம்மா எழுந்து கடகடவென்று எண்ணி அறுபதில் நிறுத்தினாள். நான் சொல்லித்தராத எண்கள்! லாரியில் வரும் ஜப்பான் சோல்ஜர்களிடம் பொறுக்கினாளாம். அதிகாரி தானே எண்ணினார். அறுபத்தொன்று. "சாலா!" — தப்பு என்று மேசையில் ஓங்கி அடித்தார்.
அங்கம்மா என் பக்கம் திரும்பினாள். "சார், இந்தக் கோடியில நிக்கிறதும் எங்கப்பா, அந்தக் கோடியில நிக்கிறதும் எங்கப்பா. எனக்கு ஒரு அப்பாதானே? எப்படி ரெண்டா எண்ணுவேன்?"
அட மாதாவே, உண்மைதான்! வீரமுத்து இரு கோடியிலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பதினொரு நாள் குச்சியால் தொட்டும் நான் பார்க்கவில்லை. மலாயில் உளறினேன். அதிகாரி நம்பவில்லை. மரவள்ளிக் காட்டிலிருந்து வீரமுத்துவைப் பிடித்து வந்தார்கள்.
"கேமரா மெதுவா சுத்துச்சுங்க. நம்மள தாண்டுனதும் பின்னாலயே ஓடி அந்தப் பக்கம் நின்னுக்கிட்டேன்."
செய்து காட்ட வேண்டுமாம். பிள்ளைகள் வரிசையில் நிற்க, அதிகாரியே கேமராவாக மெல்லச் சுற்றினார். வீரமுத்து ஓடினான். இன்னொரு முறை ஓடினான். அடுத்து வாத்தியார் ஓடட்டும் என்றார். வேட்டி தடுக்கிக் குப்புற விழுந்தேன். அதிகாரிக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு.
பிறகு என்னை எண்ணச் சொன்னார். நாற்பத்திரண்டுக்கு மேல் வரவில்லை. சிரிப்பு நின்றது.

24 ஜூன்
உத்தரவு வந்தது. பள்ளி நடக்கலாம். வாத்தியார் சயாம் போக வேண்டாம். ஆனால் அடுத்த பரீட்சை வரை தினம் ஒரு மணி நேரம் அவர் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டும். பாடம் நடத்துவது அங்கம்மா. வினிஃப்ரெட் அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் அவள் சிரித்தாள், வெகு நேரம்.

25 ஜூன்
நாற்பத்து மூன்றில் தடுமாறினேன். "கைய நீட்டுங்க சார்" என்றாள் அங்கம்மா, என் குச்சியைத் தூக்கி.
நீட்டினேன். சந்தோஷமாகத்தான் நீட்டினேன்.