நாகதாளியை முதலில் கண்டவன்

18-3-2014, செவ்வாய்
தென்மேல் காற்று. மழை இல்லை.
அநியாயத்தை முதலில் எழுதி வைக்கிறேன். ஹில்ஸ்பரோ கடற்சரிவில் அந்தக் கள்ளியைக் கண்டவன் நான். நாகதாளி என்று இனம் சொன்னவனும் நான். களை பிடுங்கும் தொண்டர் குழுவின் செய்தி இதழில் வந்திருக்கும் பெயரோ பக்கத்து வீட்டுச் செல்வராஜுவினுடையது. நான்தான் அவரைக் கூட்டிப்போய் மேல்பாதையில் நின்று காட்டினேன். இனமும் பிழை. பிரேசில் கள்ளியாம். சனிக்கிழமை கிண்டி எடுக்கிறார்கள். பிறகு சாட்சி ஏது?

வேலியடியில் செல்வராஜுவிடம் கேட்டேன். அந்த ஈப்போக்காரருக்குச் சிரிப்பு.
"ஒங்க பேரும் சொன்னேன் லா, அண்ணே. அவங்க போடல. இதுக்குப் போய் கோவமா?"
"கள்ளியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"
"ஒன்னும் தெரியாது. போட்டோ அனுப்புனேன், அவங்க பேர் சொன்னாங்க."
படம் பார்த்து இனம் சொல்கிறார்கள்.

பால் முடிந்தது. பிரஷர் மாத்திரையும்.

19-3, புதன்
நூலகம். புத்தகம் இரண்டு, அகராதி ஒன்று. பக்கத்துக்கு அரை மணி.
நாகதாளி: தட்டு தடிப்பு, மஞ்சள் முள் கொத்தாக. பழம் உள்ளும் ஊதா.
பிரேசில்: தட்டு மெலிவு, மினுக்கம். முள் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.
நான் பார்த்தது மேலிருந்துதான். முழங்கால் இறங்க விடவில்லை. இதைச் செல்வராஜுவிடம் சொல்லவில்லை.

குழுவுக்குத் திருத்தக் கடிதம் அடிக்கச் சொன்னேன், மகளிடம்.
"எங்கட ஊர்ச் செடி எண்டு எழுது."
"அப்பா, நாகதாளியே அமெரிக்காவில இருந்து வந்ததுதான். எங்கட ஊருக்கும் அது வெளியாள்."
"நீ அடி."
அடித்தாள். வெள்ளி இரவு அனுப்புவாளாம்.

21-3, வெள்ளி
காலை கடல் வற்றியிருந்தது. கரையால் போய்க் கீழிருந்து ஏறினேன். தட்டு மினுக்கம். முள் ஒவ்வொன்றாக. அப்போதும் மனம் ஒப்பவில்லை. பழம் ஒன்றை மணலில் உருட்டிச் சுணை போக்கி, வெட்டித் தின்றேன். நாகதாளி என்றால் நாக்கு ஊதாவாகும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனை. போன் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். வெறும் நாக்கு. நாயோடு போன வெள்ளைக்காரி, "யூ ஓகே, லவ்?" என்றாள்.

விரலெல்லாம் சுணை. டேப் ஒட்டி இழுத்தேன். பாதிதான் வந்தது.

செய்ய வேண்டியவை.
மகள்: கடிதம் அனுப்பக்கூடாது. ஏன் என்று கேட்கவும் கூடாது.
செல்வராஜு: முதலில் கண்டது யார் என்று குழுவுக்கு எழுத வேண்டும். இனம் வேறு, கண்டது வேறு.
குழு: அடுத்த இதழில் என் பெயர். எழுத்துப் பிழை இல்லாமல்.
நான்: நாளை எல்லாருக்கும் முன்னதாக மண்வெட்டியோடு சரிவில் நிற்க வேண்டும். முதல் வெட்டு என்னுடையது.