அடிக்குறிப்பில் அப்பா

பிப்ரவரி 4, 2025

சிவப்பிரகாஷ் சாரின் புத்தகம் வந்துவிட்டது. கடற்கரை ஒப்பாரிகளைக் கட்டவிழ்ப்பு என்ற தத்துவ முறையில் வாசித்திருக்கிறாராம். மூன்றாம் இயல் முழுக்க என்னுடையது! நெறியாளர் என்று நம்பி, போன வருடம் ஆய்வேட்டுக்காகக் கொடுத்தது. மாதாவே, இந்த ஆளைச் சும்மா விடமாட்டேன்.

பிப்ரவரி 5

நேரில் கேட்டேன். சிரிக்கிறார். "பிரதிக்கு ஏதும்மா சொந்தக்காரன்? நீ படிக்கிற தத்துவமே அதத்தான சொல்லுது?"

கட்டவிழ்ப்பைத் தொடங்கிவைத்த, அல்ஜீரியாவில் பிறந்த அந்தப் பிரெஞ்சுக்காரர் திருடச் சொல்லி எந்தப் பக்கத்தில் எழுதினார்? பெல்ஜியத்திலிருந்து அமெரிக்கா போன, அதே முறையின் இன்னொரு மேதை செத்த பிறகு, போர்க்காலத்தில் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதியது வெளியே வந்தது. அதையும் நுணுக்கமாக வாசித்துக் காப்பாற்ற நண்பர்கள் இருந்தார்கள். இவருக்கும் இருப்பார்கள். புகார் கொடுத்தால் என் பட்டம்தான் போகும்.

பிப்ரவரி 9

வெளியீட்டு விழாவில் மதிப்புரை நான்தான் பேச வேண்டுமாம். மாணவி வந்து புகழ்வது வழக்கம்தான். ஆனாலும் என்ன நெஞ்சழுத்தம்! சரி என்றேன்.

பிப்ரவரி 12

மாட்டினார்! ஒரு பிரதி எதை ஓரத்தில் ஒதுக்குகிறதோ, அங்கேதான் அது அவிழும் என்று படித்திருக்கிறேன். ஓரத்துக்கே போனேன். நாங்கள் கொடுப்பதை என்றைக்குப் படித்திருக்கிறார், கையெழுத்து மட்டும்தானே போடுவார்? என் அடிக்குறிப்பு அப்படியே அச்சாகியிருக்கிறது: 'என் அப்பா சங்கு குளிக்கப் போய்த் திரும்பாத அன்று அம்மா பாடியது.'

சாரின் அப்பா தாணுலிங்கம் அண்ணாச்சி மில்லர்புரத்தில் குத்துக்கல்லாட்டம் கடையில் உட்கார்ந்திருக்கிறார். விழாவில் முதல் வரிசை அவருக்குத்தான். நானும் அம்மாவைக் கூட்டிப்போகிறேன். பார்க்கட்டும்.

பிப்ரவரி 16

புகழ்ந்தேன், அப்படிப் புகழ்ந்தேன். கடைசியில், "தந்தையை இழந்த துயரத்தை நூலாசிரியர் இங்கே சொல்கிறார்" என்று அடிக்குறிப்பை நிறுத்தி வாசித்தேன்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "ஏலே சிவா, நான் எப்பம்ல கடலுக்குப் போனேன்? எனக்கு நீச்சலே தெரியாதுல!"

அரங்கமே சிரித்து உருண்டது. செத்துப்போனது என் அப்பா, இந்த இயலும் என்னுடையது என்று அப்புறம்தான் மைக்கில் சொன்னேன். சார் முகத்தில் ஈயாடவில்லை. சிரித்தேன் — வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிப்ரவரி 17

பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெறுகிறது. சாரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நல்லா வேணும்.

அம்மா ஏனோ நேற்றிலிருந்து பேசவில்லை.

பிப்ரவரி 19

இன்று வாய் திறந்தாள். மீன் ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல்.

"ஏளா, அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாவளே. ஒங்கப்பா செத்ததுக்கா?"

"இல்லம்மா. சாரைப் பாத்துச் சிரிச்சாங்க."

அடுத்த மீனை எடுத்துச் செதிள் சுரண்டினாள். அப்புறம் சொன்னாள்:

"நீயும்லா சிரிச்ச."