நாய எச்சரிக்கை

12, செவ்வாய்

நாலாம் நாள் மழை. பார்க்க வேண்டியவை: பிரதேச சபைக் கூட்டம் 10 மணி. கொட்டகலை ரோட்டு விளக்கு. ஞாயிறு ஞானஸ்நானம், ஐந்து பேர், ஓடையில் ஆழம் பார்க்கணும். முதல் ஆள் மகேஸ்வரி, தேயிலைத் தோட்டத்து மேல் லயத்துக் கடைசி வீடு. மூன்று வருடம் யோசித்து இப்போதுதான் சம்மதித்தாள்.

பாப்டிஸ்ட் சபைக்கும் பிரதேச சபைக்கும் என்னிடம் ஒரே குடை. அதிலும் ஒரு கம்பி போச்சு.

கூட்டத்தில் காலை முழுக்கச் சிங்களம். வெளியே வந்ததும் அனர்த்த அலுவலர் போன். "உட லயிம நாய யன்ன புளுவன், பாஸ்டர் மாத்தயா." மேல் லயத்தில் மண் சரியலாம், இன்றைக்கே ஆட்களை இறக்கு என்கிறார். உடனே லயத்துத் தலைவர் ராமையாவுக்கு எடுத்தேன். சிக்னல் விட்டு விட்டு.

"மேல் லயத்துக்கு நாய எச்சரிக்கை வந்திருக்கு. எல்லாருக்கும் சொல்லிடுங்க. பாடசாலைக்கு..."

"சரிங்கய்யா, சொல்லிடுறேன்."

அரிசி, பருப்பு பாடசாலைக்கு அனுப்பியாச்சு. நிம்மதி.

13, புதன்

மழை. பாடசாலைக்கு ஒருத்தரும் வரவில்லையாம். பதினான்கு குடும்பம், ஒரு ஆள் இறங்கவில்லை. சரியான கோபம். ஓட்டுப் போட்டு அனுப்பிய மெம்பராகச் சொன்னாலும் கேட்பதில்லை, பாஸ்டராகச் சொன்னாலும் கேட்பதில்லை. சொல் கேட்காத ஜனம். நேரில் போய்க் கத்தலாம், முழங்கால் விடவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

மனைவி எஸ்தரோடு ஓடைக்குப் போனேன். தண்ணீர் பால் தேத்தண்ணி நிறம்.

"இதுலயாங்க முழுக்கு குடுப்பீங்க?" என்றாள்.

ஞாயிறுக்குள் தெளிந்துவிடும் என்றேன்.

14, வியாழன்

காலை 7.20. மகேஸ்வரி போன்.

"ஐயா, கதவு சாத்த மாட்டேங்குது. நேத்துலேருந்து நெலக்கால் கோணிக்கிச்சு. நாயி உள்ள வந்துருமோன்னு பயமா இருக்குங்க."

"எந்த நாயி?"

"வெறிநாயி திரியுதுன்னு நீங்கதான சொல்லி விட்டீங்க? தலைவரு வீடு வீடா வந்து சொன்னாரு. வேலைக்குக்கூட யாரும் போகல. பிள்ளைங்களோட எல்லாரும் உள்ளதான் இருக்கோம்."

சிங்கள நாய. தமிழ் நாய். ஆண்டவரே, தமிழில் சொல்ல எனக்கு வாய் இல்லையா.

மண்சரிவு, இறங்குங்க, இறங்குங்க என்று கத்தினேன். "என்னங்கய்யா? கேக்கலைங்க." கட்டாகிவிட்டது. ராமையா போன் வேலை செய்யவில்லை. பத்துத் தடவை எடுத்தாச்சு.

ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன். வரவில்லை. அது வரும் வரை எழுதுகிறேன். சொல் கேட்காத ஜனம் என்று நேற்று எழுதியது மேலேயே இருக்கிறது. கேட்டிருக்கிறார்கள். ஒருத்தர் விடாமல்.

எஸ்தர் ஓடையிலிருந்து வெறும் வாளியோடு வருகிறாள். "தண்ணி நின்னுபோச்சுங்க."

இந்த மழையில். லயத்துக்கு மேலே மண் இறங்கி ஓடையை அடைத்திருக்கணும்.

ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. நடந்தே போகிறேன்.