பெயர் சொல்லாத அழைப்பு

நயினாதீவு. செவ்வாய் இரவு.

பள்ளி விடுமுறை. பக்கத்து வீட்டு வதனி அக்கா, ஆறு வயது மிதுனாவை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு, முதல் படகில் யாழ்ப்பாணத்துப் புடவைக்கடைக்கு வேலைக்குப் போகிறார். குசினியில் மண்ணெண்ணெய் அடுப்பு. நெருப்புப்பெட்டியும் பிள்ளைக்கு எட்டும். நேரே கேட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டாரோ என்று பயந்து, சிறுவர் அலுவலகத்துக்குப் பெயர் சொல்லாமல் தொலைபேசியில் சொன்னேன்.

இன்று பின்னேரப் படகில் அலுவலர் வந்தார். படகில் அருகில் இருந்த பெண்ணிடம் அந்த வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். அந்தப் பெண், வேலை முடிந்து திரும்பிய வதனி அக்காவேதான்.

அக்கா அவரை நேராக என் வாசலுக்குக் கூட்டிவந்தார்.

"பிள்ளை தனிய இல்லை மிஸ். இந்தத் தங்கச்சிதான் பாக்கிறவ."

பிடித்த என் கையை அக்கா விடவில்லை. பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம்.

"ஓம். நான்தான் பாக்கிறனான்," என்றேன்.

தொலைபேசியில் கேட்ட குரலை அலுவலர் மறந்திருக்கவில்லை. மெல்லச் சிரித்தார். "அப்ப நாளையில இருந்து வடிவாப் பாரும்."

அவர் போனதும் அக்கா, "ஆரோ மூதேவி சொல்லிக் குடுத்திருக்கு," என்று என் தோளில் சாய்ந்து அழுதார். மூதேவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தது.

மிதுனா அப்போதே தலையணையோடு வந்துவிட்டாள்.

"நாளைக்குத்தானடி," என்றேன்.

"ஓம், நாளைக்கும் வருவன்."